கூழ் அடுப்பும் பக்கத்து வீட்டுப் புகையும்

டர்பன், சாட்ஸ்வர்த் வெஸ்ட்கிளிஃபிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம். சாரத்தை மட்டும் அவர் வார்த்தையிலேயே தருகிறேன்.

“ஐயா, எனக்கு வயது 61. எங்களுடையது நடுச்சுவரைப் பங்கு போடும் இரட்டை வீடு. பின்னால் ஒரு செங்கல் அடுப்பு உண்டு. என் ஆயா காலத்திலிருந்து ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சுவது அதில்தான். விசேஷம் வந்தால் டெக் என்கிற பெரிய பிரியாணி அண்டாவும் அதில்தான் ஏறும். கோவிட் நேரத்தில் பொழுது போகாமல் ஒரு பழைய டிரம்மை வெட்டி, இறைச்சியைப் புகையில் வேகவைக்கும் ஸ்மோக்கர் செய்தேன். இப்போது வாரம் தவறாமல் அதில் ஏதாவது வேகும். போன வருஷம் பக்கத்து வீடு கை மாறியது. புதிதாக வந்தவர்களின் சின்னப் பையனுக்கு ஆஸ்துமா. இரண்டு வாரம் முன்பு அந்த அப்பா வாட்ஸ்அப்பில், ‘இன்னொரு முறை புகை வந்தால் மெட்ரோ போலீஸையும் சுகாதாரத் துறையையும் கூப்பிடுவேன்’ என்று அனுப்பினார். வீட்டில் விறகு எரிக்க இங்கே சட்டத்தில் தடை இருக்கிறதா? கூழ் ஊற்றுவதை நிறுத்தச் சொல்ல அவருக்கு உரிமை உண்டா? புகைபோக்கி வைத்து, கூரை போட்டு ஒழுங்காகக் கட்டிவிடலாம் என்றும் யோசிக்கிறேன். அதற்குப் பிளான் பாஸ் பண்ண வேண்டுமா? என் மகன் வெள்ளிக்கிழமைகளில் தெரிந்தவர்களுக்கு ஸ்மோக் செய்த கோழி கொடுக்கிறான், கொஞ்சம் காசு வாங்கிக்கொண்டு. அது ஒரு பிரச்சினை இல்லையே?”

ஐயா, முதலில் பயத்தை இறக்கி வையுங்கள். தென்னாப்பிரிக்காவில் சொந்த வீட்டுக் கொல்லையில் விறகு மூட்டிச் சமைக்கக் கூடாது என்று பொதுவான தடை எதுவும் கிடையாது. செப்டம்பர் 24ஆம் தேதி, பாரம்பரிய தினம் என்று விடுமுறை விட்டுவிட்டு நாடே பிராய் போடுகிறது, அதாவது வெளியில் தீ மூட்டி இறைச்சி சுடுகிறது. அந்த நாட்டில் அப்படி ஒரு சட்டம் போட்டால் யார் கேட்பார்கள்? ஆனால் தடை இல்லை என்பதால் கேள்வியே இல்லை என்று ஆகிவிடாது. நான் மாநகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்த காலத்தில் புகைப் புகார்களுக்காக எத்தனையோ வீட்டு வாசலில் நின்றிருக்கிறேன். ‘ஏன் அடுப்பு மூட்டினீர்கள்’ என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. என்ன எரித்தீர்கள், எவ்வளவு நேரம், எத்தனை நாளைக்கு ஒரு முறை, புகை எந்தப் பக்கம் போனது என்றுதான் கேட்பேன். சட்டமும் ஏறக்குறைய அவ்வளவுதான் கேட்கிறது.

மேலே இருப்பது 2004ஆம் ஆண்டின் 39ஆம் எண் சட்டம், காற்றுத் தரச் சட்டம். அதன் 35ஆவது பிரிவு, ஓர் இடத்தில் குடியிருப்பவர் அங்கிருந்து அருவருப்பான நாற்றம் கிளம்பாமல் தடுக்க நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுக்க வேண்டும் என்கிறது. பிரியாணி வாசம் அந்தக் கணக்கில் வராது, கவலைப்படாதீர்கள். உருகிய பிளாஸ்டிக் வாசம் வரும். அதற்குக் கீழே ஊருக்கு ஊர் மாநகராட்சிகள் போடும் துணைவிதிகள். அவற்றுக்கு முன்மாதிரியாக 2010இல் மத்திய அரசு ஒரு மாதிரித் துணைவிதி வெளியிட்டது. திறந்த வெளியில் எதையும் எரிக்க அனுமதி வேண்டும் என்று சொல்லிவிட்டு, சொந்த வளாகத்தில் போடும் பிராய்க்கு அது விலக்குத் தருகிறது. கேப் டவுனின் 2016ஆம் ஆண்டுத் துணைவிதியிலும் இதே விலக்கு உண்டு. உங்கள் டிரம்மும் செங்கல் அடுப்பும் அந்த நிழலில் நிற்கக்கூடியவை.

அந்த நிழல் சமையல் முடியும் வரைக்கும்தான். பல வீடுகளில் என்ன நடக்கிறது? இறைச்சியை எடுத்தாகிவிட்டது, கங்கு இன்னும் கனன்றுகொண்டிருக்கிறது. ‘சரி, இதையும் போட்டுவிடுவோம்’ என்று மாமர இலை, காகிதத் தட்டு, எண்ணெய் பிசுபிசுத்த பாலித்தீன் எல்லாம் உள்ளே போகும். அந்த நிமிடத்திலிருந்து அது பிராய் இல்லை, குப்பை எரிப்பு. விலக்கு போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர் போனில் வீடியோ எடுப்பதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

இன்னொன்று, புகையின் கருமை. விலக்கு எரிப்பதற்குத்தான், கரும்புகைக்கு இல்லை. அந்த மாதிரித் துணைவிதியிலும் கேப் டவுன் விதியிலும் வீட்டிலிருந்து வரும் கரும்புகையைப் பற்றித் தனியாகச் சொல்லியிருக்கிறது. வெளிச்சத்தை 20 சதவீதமோ அதற்கு மேலோ மறைத்தால் அது கரும்புகை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சட்டைப் பையில் ரிங்கல்மான் அட்டை என்று ஒன்று வைத்திருப்போம். வெள்ளையில் தொடங்கிக் கறுப்பு வரை கட்டம் கட்டமாக இருக்கும். அதைக் கண்ணுக்கு நேரே பிடித்து, புகையின் நிறம் எந்தக் கட்டத்தோடு பொருந்துகிறது என்று பார்ப்போம். அதில் ஒன்றாம் எண் கட்டம்தான் இந்த 20 சதவீதம். ஏறக்குறைய சாம்பல் பூத்த வேட்டி நிறம். நீங்கள் நினைப்பதைவிட அது வெளுப்பு. உங்கள் அடுப்பு அதைத் தாண்டாது என்று சத்தியம் செய்ய வேண்டாம். பச்சை விறகு வைத்த முதல் இருபது நிமிடம் எந்த அடுப்பும் தாண்டும்.

இனி பக்கத்து வீட்டுக்காரரின் உரிமை. துணைவிதியே இல்லாவிட்டாலும் அண்டை வீட்டுத் தொல்லை பற்றிய பொதுச்சட்டம் இருக்கிறது. 1938இல் பிரின்ஸ்லூ எதிர் ஷா என்ற வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வைத்த அளவுகோல்தான் இன்றும் பேசப்படுகிறது. அக்கம்பக்கத்தோடு வாழும் சாதாரண மனிதர் பொறுத்துக்கொள்ள வேண்டிய அளவுக்கு மேல் தொல்லை இருந்தால் அவருக்குப் பரிகாரம் உண்டு. அதற்குக் கீழே என்றால் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதுவும் வழிபாட்டுச் சத்தம் பற்றிய வழக்கு என்பது உங்களுக்குச் சுவாரசியமாக இருக்கும். பக்கத்திலேயே இசிப்பிங்கோ பீச்சில் ஒரு மதரசாவின் தொழுகை அழைப்புச் சத்தம் தன் வீட்டுக்குள் கேட்கக் கூடாது என்று ஒருவர் 2020இல் டர்பன் உயர் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கினார். ஒலிபெருக்கி கூட இல்லை, மனிதக் குரல்தான். 2022 நவம்பரில் ப்ளூம்ஃபொன்டெய்ன் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளிவிட்டது. தொல்லை நியாயமான அளவைத் தாண்டியதாக நிரூபிக்கவில்லை என்றது. ஆகவே வருஷத்தில் ஒரு நாள் கூழ் காய்ச்சுவதை ஒருவர் நீதிமன்றம் போய் நிறுத்திவிட முடியும் என்று நான் நம்பவில்லை.

ஆனால் வாரா வாரம் எரியும் ஸ்மோக்கருக்கு அந்தத் தீர்ப்பைக் கொண்டுவந்து காட்டாதீர்கள். கூழ் வேறு, ஸ்மோக்கர் வேறு. நீங்கள் கடிதத்தில் இரண்டையும் ஒரே பெருமூச்சில் சேர்த்துவிட்டீர்கள். பக்கத்து வீட்டுக்காரரும் அப்படித்தான் சேர்த்துப் பார்க்கிறார், அதனால்தான் ஒரு சனிக்கிழமைப் புகைக்கு அம்மன் கூழும் சேர்ந்து மாட்டிக்கொண்டிருக்கிறது. பொறுக்கும்படியானதா என்று பார்க்கும்போது எத்தனை முறை, எவ்வளவு நேரம், எந்த மாதிரி இடம், குறைக்க வழி இருந்ததா என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள். உங்கள் இடம் எப்படிப்பட்டது? அறுபதுகளில், இனத்துக்கு ஓர் இடம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தின்படி நம் ஆட்களை ஊர் ஊராகக் கிளப்பிக் கொண்டுவந்து நெருக்கிக் கட்டிய வீடுகள். கொல்லை என்பது நாலு கொடிக்கயிறு அகலம். உங்கள் ஸ்மோக்கரின் வாய் அந்தப் பையன் படுக்கும் அறை ஜன்னலுக்கு எத்தனை அடி என்று ஒரு தடவை அளந்து பாருங்கள்.

பையனுக்கு ஆஸ்துமா என்பதால் மட்டும் சட்டத்தின் அளவுகோல் மாறாது. அது சாதாரண உடம்புக்காரரை வைத்துத்தான் அளக்கும். ஆனால் தெரியாமல் புகைவிட்டதற்கும், பையனுக்கு மூச்சு முட்டுகிறது என்று எழுத்தில் தெரிந்த பிறகும் அதே இடத்தில், அதே நேரத்தில், அதே ஈர விறகை வைத்ததற்கும் வித்தியாசம் உண்டு. அந்த வாட்ஸ்அப் செய்தி இப்போது இருவர் போனிலும் இருக்கிறது.

புகையைப் பற்றி நான் கற்றதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பிரச்சினையில் முக்கால்வாசி இங்கேதான் தீரும்.

ஆடி என்பது நமக்கு ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. சென்னையில் ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். டர்பனில் அது குளிர்காலம். விடியற்காலையில் காற்று அசையாது. தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று கனமாகப் படுத்திருக்கும், அதற்கு மேலே சூடான காற்று மூடிபோல் உட்கார்ந்திருக்கும். அடுப்புப் புகை கொஞ்சம் எழும்பி, மூடியில் முட்டி, பக்கவாட்டில் பரவி, சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வழிந்து போகும். கூழுக்கு நாம் அடுப்பு மூட்டுவது எத்தனை மணிக்கு? நாலு, நாலரை. ஆக மோசமான நேரம் அது. காற்று கலைந்து புகை மேலே போக வெயில் ஏறி ஒன்பது மணியாவது ஆக வேண்டும். சாயங்காலம் வெயில் இறங்கியதும் மறுபடி அதே கதை. ஸ்மோக்கரை காலை பத்துக்கு மேல் தொடங்கி பிற்பகல் மூன்று நாலுக்குள் முடித்தால், அதே விறகு, அதே இறைச்சி, ஆனால் பக்கத்து வீட்டுக்குப் போகும் புகை பாதிகூட இராது. பன்னிரண்டு மணி நேரம் இரவெல்லாம் வேக வைக்கும் இறைச்சியை உங்கள் கொல்லையில் செய்யாதீர்கள் என்றே சொல்வேன். அது பெரிய பண்ணை வீட்டுக்காரர்களின் பொழுதுபோக்கு.

விறகு. வெட்டிய மரத்தில் பாதி எடை வரை தண்ணீர் இருக்கும். அது ஆவியாகிப் போகும் வரை தீ முழுச் சூட்டுக்கு ஏறாது. ஏறாத தீதான் வெள்ளைப் புகையைக் கக்கும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். அதற்கு மீட்டர் விற்கிறார்கள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பிளந்த இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது கணீரென்று கேட்கும். ஈரமானது ‘தொப்’ என்று ஊமைச் சத்தம் போடும். முனையில் சக்கரம்போல் வெடிப்பு விட்டிருக்க வேண்டும். வாட்டில் மரத்தைப் பிளந்து, மழை படாமல் மேலே தகரம் போட்டு, பக்கங்களைத் திறந்து வைத்தால் ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். டர்பன் ஈரக் காற்றில் இன்னும் கொஞ்சம் கூட. பெட்ரோல் பங்க்கில் பையில் விற்பதெல்லாம் காய்ந்தது என்று நம்பிவிடாதீர்கள். பையின் உள்பக்கம் வியர்த்திருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

அப்புறம், கங்கை வேறிடத்தில் தயார் செய்யுங்கள். ஒரு சின்ன டிரம்மில் விறகைக் கொழுந்துவிட்டு எரியவிட்டு, கங்கானதும் மண்வெட்டியால் அள்ளி ஸ்மோக்கருக்குள் போடுங்கள். வாசத்துக்கு ஒரு கொய்யாக் கட்டை போதும். நல்ல புகை கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. வெயிலில் பார்த்தால் லேசாக நீலம் தட்டும். வெள்ளைப் புகை மொத்தையாக வந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டுமல்ல, உங்கள் கோழிக்கும் கெடுதல், தோல் கசக்கும். காற்றுத் துளையை அடைத்து வைத்து ‘நல்லா புகையட்டும்’ என்பவர்களின் சமையலை நான் சாப்பிட்டிருக்கிறேன். வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

எதை எரிக்கக் கூடாது என்பதில் மட்டும் நான் கறாராக இருப்பேன். வேலிக்கும் பந்தலுக்கும் நட்ட கம்பங்களில் பச்சை நிறம் ஏறியிருக்கும், பார்த்திருப்பீர்கள். செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றியவை. எரித்தால் ஆர்சனிக் புகையிலும் சாம்பலிலும் வரும். பழைய வேலியைப் பிரித்தோம், விறகுக்கு ஆயிற்று என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், அந்தச் சாம்பலைச் செடிக்கும் போடாதீர்கள். பெயின்ட் அடித்த கதவுப் பலகை, ஒட்டுப்பலகை இரண்டும் வேண்டாம். அரளியை மறந்துவிடாதீர்கள். கோயில் பூவென்று வீட்டுக்கு வீடு நிற்கிறது. அதன் கட்டையும் விஷம்தான், புகையும் விஷம்தான். கேமல்தார்ன் விறகு அருமையாக எரியும், ஆனால் அது பாதுகாக்கப்பட்ட மரம். 1998ஆம் ஆண்டு வனச் சட்டப்படி உரிமம் இல்லாமல் அதை வெட்டவோ கொண்டுவரவோ விற்கவோ கூடாது. பக்கி என்கிற சின்ன வண்டியில் வைத்து விற்பவரிடம் காகிதம் கேளுங்கள். உங்கள் டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்பதும் தெரிய வேண்டும். ரசாயன டிரம் என்றால் சமையலுக்கு ஆகாது.

கூழ் நாளுக்கு வருகிறேன். ஒரு வாரம் முன்பே பக்கத்து வீட்டுக்காரரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் அல்ல. இந்தத் தேதி, இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை, அந்தப் பக்க ஜன்னலை மூடிக்கொள்ளுங்கள், பையனை அந்த நேரம் முன்னறையில் படுக்க வையுங்கள் என்று. அடுப்பை அன்றைக்காவது மறுபக்கச் சுவரோரம் செங்கல் அடுக்கி மாற்றிக்கொள்ளுங்கள். பானை ஏறும் முன் தீ முழுதாகப் பிடித்திருக்கட்டும். முடியுமானால் கூழைக் கேஸ் அடுப்பில் காய்ச்சி, சம்பிரதாயத்துக்கு ஒரு சின்னப் பானை மட்டும் விறகில் வையுங்கள். அம்மன் கோபித்துக்கொள்வாளா என்று பூசாரியிடம் கேளுங்கள். நான் கேட்ட பூசாரி சிரித்துவிட்டு, தன் வீட்டிலும் அப்படித்தான் என்றார். இடம் போதவில்லை என்று கல்யாணத்துக்கு டெக்கைத் தெருவோரம் இறக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. தெரு பொது இடம், கொல்லைக்கு உள்ள சலுகை அங்கே இல்லை. மாநகராட்சியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

ஆகஸ்டில் உள்நாட்டிலிருந்து சூடான மலைக்காற்று வீசும் நாட்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். தீ அபாயம் அதிகம் என்று அந்தப் பிராந்தியத்துக்கு அறிவித்துவிட்டால், 1998இன் 101ஆம் எண் காட்டுத்தீச் சட்டப்படி திறந்த வெளியில் யாரும் தீ மூட்டக் கூடாது. சில்வர்கிளன் காட்டுப் பக்கம் வீடு உள்ளவர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மழை வந்ததென்று கங்கோடு அடுப்பைக் கராஜுக்குள் இழுப்பது அதைவிட மோசம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மின்வெட்டு நாட்களில் குளிருக்குக் கங்கை உள்ளே வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காத வீடுகள் உண்டு.

கட்டுவது பற்றி. இன்றைக்கு இருக்கும் டிரம்மும் அடுக்கிய செங்கல்லும் நகர்த்தக்கூடியவை. புகைபோக்கியோடு நிரந்தரமாகக் கட்டி, மேலே கூரையும் போட்டால் அது கட்டடம். 1977ஆம் ஆண்டுக் கட்டட விதிச் சட்டத்தின் கீழ் வரும், பிளான் பாஸ் ஆக வேண்டும். புகைபோக்கியின் வாய், அது கூரையைத் தொடும் மிக உயர்ந்த இடத்திலிருந்து குறைந்தது 1 மீட்டராவது மேலே இருக்க வேண்டும் என்பது தர விதி. உங்கள் இரட்டை வீட்டில் அதோடு நிறுத்தாதீர்கள். பக்கத்து வீட்டு மாடி ஜன்னலுக்கு நேராக வாய் வைத்துக் கட்டினால், சனிக்கிழமைத் தொல்லையை நிரந்தரத் தொல்லையாகச் செங்கல்லில் பூசியதாக ஆகும். அந்த ஜன்னலைப் பிளானில் குறித்துக் கொடுக்கும்படி வரைபவரிடம் சொல்லுங்கள். வீட்டை விற்கும் நாளில் வங்கிக்காரர் கேட்கும் முதல் காகிதங்களில் பாஸான பிளானும் ஒன்று, ஞாபகம் இருக்கட்டும்.

கடைசியாக, கடிதத்தின் ஓரத்தில் ஒளித்து வைத்த மகன் விஷயம். என்னைக் கேட்டால் நீங்கள் முதலில் கவலைப்பட வேண்டியது இதற்குத்தான். உங்கள் கொல்லைக்குக் கிடைக்கும் சலுகை எல்லாம் வீட்டுச் சமையலுக்கு. வெள்ளிக்கிழமை தோறும் பணம் வாங்கினால் அது வியாபாரம்; தெரிந்தவர்களுக்கு மட்டும் என்பது கணக்கில் வராது. 2018 ஜூனில் வந்த ஆர் 638 உணவு சுகாதார விதிப்படி, விற்பனைக்கு உணவு தயாரிக்கும் இடத்துக்கு ஏற்புச் சான்றிதழ் வேண்டும். அதை மாநகராட்சிச் சுகாதார ஆய்வாளர்தான் வந்து பார்த்துத் தருவார். சமைத்த உணவு விற்க 1991ஆம் ஆண்டு வணிகச் சட்டத்தின் உரிமம் வேறு. வீட்டு மனையில் இந்தத் தொழில் நடத்தலாமா என்ற நில உபயோகக் கேள்வி அதற்கு மேல். பக்கத்து வீட்டுக்காரர் புகையைப் பற்றிப் புகார் செய்வார். வந்தவர் பார்ப்பது மேசையில் அடுக்கி வைத்த இருபது வெள்ளைப் பெட்டிகளையும் வாட்ஸ்அப் விலைப்பட்டியலையும். புகைக்கு எச்சரிக்கையோடு போக வேண்டியது, உணவுக்கு நிறுத்தல் உத்தரவாக மாறும். இப்படி நடந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே மகனிடம் இந்த வெள்ளிக்கிழமையிலிருந்தே நிறுத்தச் சொல்லுங்கள். நிஜமாகவே தொழிலாகச் செய்ய ஆசை என்றால் கொல்லையை விட்டுவிட்டு, சான்றிதழ் உள்ள சமையற்கூடம் ஒன்றை வாடகைக்குப் பிடிக்கட்டும்.

மெட்ரோ போலீஸ் வந்தால் பதற வேண்டாம். தெருவில் தீ இல்லை, சண்டை இல்லை என்றால் அவர்கள் பெரும்பாலும் சுகாதாரத் துறைக்குத் தள்ளிவிட்டுப் போவார்கள். சுகாதார ஆய்வாளர் வந்தால் உள்ளே கூப்பிடுங்கள். பொதுவாக முதல் தடவை, இன்னதை இத்தனை நாளுக்குள் சரிசெய் என்று எழுதிக் கொடுப்பதோடு முடியும். எந்தெந்த நாள் மூட்டினீர்கள், எத்தனை மணிக்கு என்று ஒரு பழைய காலண்டரில் குறித்து வைத்திருந்தால் அதைக் காட்டுங்கள். அவர் முதலில் நடந்து போவது அடுப்பை நோக்கி அல்ல, விறகு அடுக்கை நோக்கித்தான். ஒரு துண்டை எடுத்து இன்னொன்றில் தட்டிப் பார்ப்பார்.